மல்லி வைக்காத படையல்

செண்பகத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கியதும் நேரே வீட்டின் பின்பக்கம் போய், புளியும் எலுமிச்சம்பழத் தோலும் வைத்துக் கையைத் தேய்ப்பாள். ஷூ கம்பெனியில் அவளுக்கு ஃபோல்டிங் வேலை. தோலின் ஓரத்தில் சொலூஷன் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். அந்தச் சொலூஷன் விரலில் ஏறினால் சோறு தின்னும்போதுகூட மணக்கும்.

"இந்தக் கையோட விளக்கத் தொட்டா லட்சுமி மூக்கப் பொத்திக்கினு ஓடிடுவா முத்துமாரிக்கா" என்பாள்.

நானும் அதே கம்பெனிதான், செக்கிங்கில் இருக்கிறேன். எனக்கும் அதே நாற்றம்தான். பைப்பில் கையை நனைத்துவிட்டு அப்படியே விளக்கேற்றிவிடுவேன். என் வீட்டு லட்சுமிக்குப் பழகிவிட்டது. செண்பகம் அப்படி இல்லை. கையைத் தேய்த்து, தலைக்குக் குளித்து, வாசற்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, சமையலறை அலமாரியில் இருக்கிற சாமிப் படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்து, பித்தளை விளக்கில் திரி போட்டு ஏற்றுவதற்குள் எங்கள் தெருவில் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருப்போம். சாம்பிராணி போட்டாளென்றால் அந்தப் புகை என் வீட்டுக் கொசுவையும் சேர்த்து விரட்டும். நான் அவள் வீட்டுக்கு எதிர் வீடு. அவள் பூஜையின் லாபத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு வந்துகொண்டிருந்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் அவள் ஒன்று செய்வாள். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பஸ் வருகிற ரோட்டுப் பக்கமாக அதை ஒரு முறை காட்டுவாள். ஆற்றுப் பக்கம் திரும்பவே மாட்டாள். இது பூர்ணிமா போனதற்கு அப்புறம் வந்த பழக்கம்.

பூர்ணிமா அவளுடைய மூத்த மகள்.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது. பாலாறு என்று பேர்தான். பாலும் கிடையாது, ஆறும் கிடையாது. என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆற்றில்தான் பந்தல் போட்டுச் சாப்பிட்டார்கள். மணலாவது இருந்தது அப்போது. அப்படிப்பட்ட ஆற்றில் இரண்டாயிரத்து இருபத்தொன்றில், தீபாவளி கழிந்து பெய்த மழையில், கரை முட்டித் தண்ணீர் வந்தது. ஊரே திருவிழாவுக்குப் போவதுபோல் போனது. ஆறு வந்தால் பூஜை போட வேண்டுமென்று பெண்கள் தட்டும் கையுமாய் ஓடினார்கள். செண்பகத்துக்கு அன்று காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. அதற்காக ஆற்றுக்குப் பூஜை போடாமல் இருக்கிறவளா அவள்? தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, கற்பூரம் எல்லாம் எடுத்து வைத்து, "போய் ஆத்துக்குப் போட்டுட்டு வாடி, கங்கம்மா வந்துக்கிறா" என்று பூர்ணிமாவை அனுப்பினாள். அந்தப் பெண் அப்போதுதான் தீபாவளிக்கு எடுத்த பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டு, தலை நிறைய மல்லி வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே என் வாசலைத் தாண்டிப் போனாள்.

மணல் அள்ளி அள்ளிப் பொத்தலாகியிருந்த கரை, ஜனம் நின்ற கனத்தில் சரிந்தது. விழுந்தவர்களில் இரண்டு பேரைத் தென்னந்தோப்பு அதாவுல்லா பாய் கயிறு போட்டு இழுத்துவிட்டார். பூர்ணிமா விழுந்ததை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் கொண்டுபோன எவர்சில்வர் தட்டு மட்டும் கரையோர முள்ளில் மாட்டிக்கொண்டு கிடைத்தது. ஃபயர் சர்வீஸ்காரர்கள் பள்ளிகொண்டா வரைக்கும் தேடினார்கள், வேலூர் வரைக்கும் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அந்த இடத்தில்தான் செண்பகத்துக்கு ஒரு பிடி கிடைத்தது. பார்த்தவர்கள் இல்லை, உடம்பு இல்லை, அப்புறம் எப்படிச் செத்தாளென்று சொல்வது? எங்கோ கரை ஏறியிருப்பாள், தலையில் அடிபட்டு ஊரும் பேரும் மறந்திருக்கும், யாரோ நல்லவர்கள் வீட்டில் இருப்பாள் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஃபோட்டோவை எடுத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரி, காட்பாடி ஸ்டேஷன், சித்தூர் பஸ் ஸ்டாண்டு எல்லாம் அலைந்தாள். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். பள்ளிகொண்டா ரங்கநாதர் கோயிலில், படுத்துக்கிடக்கிற சாமியைப் பார்த்து, "நீ நல்லா தூங்கு, என் பொண்ணு எங்கக்கீறான்னு மட்டும் சொல்லிட்டுத் தூங்கு" என்று அவள் சண்டை போட்டதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் வீட்டுக்காரர் சம்பத் தோல் பதனிடுகிற ஷாப்பில் டிரம்மு ஓட்டுகிறவர். முன்னேயும் அதிகம் பேசமாட்டார். மகள் போனபின் பேச்சையே விட்டுவிட்டார். பூர்ணிமாவின் படம் டி.வி. பக்கத்தில் பொட்டில்லாமல், மாலையில்லாமல் இருந்தது. ஒரு தடவை சம்பத்தின் அக்கா கண்ணம்மாள் வந்தபோது, கை சும்மா இருக்காமல் அந்தப் படத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். செண்பகம் சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். முந்தானையால் பொட்டை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் நாத்தனாரின் பையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள். பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அந்த அம்மாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் செண்பகம் ஆம்பூர் பஜாருக்குப் போய்ப் பூர்ணிமாவுக்கு ஒரு சுடிதார் எடுப்பாள். மடிப்புக் கலையாமல் பீரோவில் வைப்பாள். சின்னவள் சௌந்தர்யா ஒரு நாள் ஆசைப்பட்டு அதில் ஒன்றைப் பிரித்துவிட்டு வாங்கிய அடியை இன்னும் மறந்திருக்கமாட்டாள். "வந்து கேட்டா இன்னாடி சொல்வேன் அவளுக்கு?" என்று கேட்டுக்கொண்டே அடித்தாள். நான்தான் போய் விலக்கிவிட்டேன்.

சௌந்தர்யா படித்து முடித்து, வேலைக்கும் போய், கல்யாண வயசும் வந்து நின்றாள். அங்கே ஆரம்பித்தது பேஜார்.

எங்கள் பக்கத்தில், வீட்டில் கல்யாணம் வைத்தால் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல் போட வேண்டும். அந்தக் குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ போய்ச்சேர்ந்த பெண்தான் பூவாடைக்காரி. கிணற்றடியிலோ ஆற்றங்கரையிலோ போய்ப் பூஜை செய்து, அவளைச் செம்புத் தண்ணீரில் அழைத்துவந்து, நடுவீட்டில் புதுத்துணி சாத்தி, பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் போட்டுப் பம்பை அடித்துக் கூப்பிட்டால், வீட்டில் யார் மேலாவது வந்து இறங்கி, கல்யாணத்துக்கு வாக்குக் கொடுப்பாள். அவள் வராமல் கல்யாணம் நடந்தால் விளங்காது என்று பேச்சு. எனக்குச் சாமி வந்து ஆடுகிறவர்களைக் கண்டால் கொஞ்சம் ஆகாது. ஆடுகிறவர்களில் பாதிப் பேர் மருமகளைத் திட்டத்தான் ஆடுகிறார்கள் என்பது என் கட்சி. ஆனால் ஊர் என் கட்சியில் இல்லை.

சௌந்தர்யாவுக்கு வந்த நல்ல இடங்கள் தட்டிப்போயின. "மூத்தவ ஆத்தோட போனா, அவளுக்கு ஒரு படையல்கூட இல்ல, அந்த வீட்ல பொண்ணு எடுக்கறதா?" என்று எவரோ ஓதிவிட்டார்கள். கடைசியாய்ப் பேரணாம்பட்டிலிருந்து பரணிதரன் என்கிற பையனின் ஜாதகம் வந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துப்போனது. பையனின் அம்மா தேன்மொழி நல்ல மாதிரிதான், ஆனாலும் கறார். "பூவாடைக்காரி வந்து வாக்குக் குடுக்கட்டும், மறுநாளே தட்டு மாத்திக்கலாம். வரலன்னா மன்னிச்சிடுங்க, எனக்கு ஒரே புள்ள" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

செண்பகம் ஒத்துக்கொள்ளமாட்டாள், வீட்டில் ரகளைதான் என்று நாங்களெல்லாம் நினைத்தோம். மறுநாள் வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"படையல் போடச் சொல்லிட்டேன்க்கா."

"நெஜமாவாடி?"

"போடட்டும். பம்பை அடிச்சிக் கூப்புடட்டும். அவ வரமாட்டா." என் காதுக்குக் கிட்டே வந்து சொன்னாள். "செத்தவங்கதானேக்கா வருவாங்க? உயிரோட இருக்கறவ எப்டி வருவா? கூப்ட்டு வரலன்னா, அவ இருக்கான்னு அர்த்தம். அன்னியோட எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

வேன் மாதனூர் தாண்டுகிற வரைக்கும் எனக்கு அதே யோசனை. அந்த வீட்டில் எல்லோரும் பூர்ணிமா வர வேண்டுமென்று வேண்டிக்கொள்ளப் போகிறார்கள், பெற்றவள் மட்டும் வரக்கூடாதென்று வேண்டிக்கொண்டு உட்காரப் போகிறாள். சௌந்தர்யாவின் வாழ்க்கை நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

படையல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். காலையிலேயே நான் ஒத்தாசைக்குப் போய்விட்டேன். கண்ணம்மாளும் பழைய கோபத்தை மறந்து வந்திருந்தாள். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டுமென்று அவள் சொன்னபோது செண்பகம் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. அதாவுல்லா பாயின் தோப்புக் கிணற்றில் எடுப்பதென்று ஆனது. பாய் மோட்டார் ரூமைப் பூட்டி, கிணற்றுமேடையைக் கழுவிவிட்டு, நாங்கள் பூஜை செய்யும்வரை தள்ளிப்போய்த் தென்னைமரத்தடியில் நின்றார். வெற்றிலையில் கற்பூரம் வைத்துத் தண்ணீரில் விட்டோம். செம்பில் தண்ணீர் மொண்டு, வேப்பிலை வைத்து, மஞ்சள் துணி சுற்றி, சௌந்தர்யா தலையில் வைத்து அழைத்து வந்தோம்.

வீட்டில் செண்பகம் பம்பரமாய் வேலை செய்தாள். நடுவீட்டைக் கழுவி, சுவரில் மஞ்சள் பூசி, செம்பை வைத்தாள். பக்கத்தில் புதுத்துணி வைக்கும்போதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. பீரோவில் புது சுடிதார்கள் அடுக்கிக் கிடக்க, அவள் வைத்தது ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை. பூர்ணிமா புடவையைக் கண்டாலே "எனக்கு வேணாம்பா, தடுக்கி விழுவேன்" என்று ஓடுகிறவள். பூவும் கனகாம்பரம். அந்தப் பெண்ணுக்கு வாசனையில்லாத பூவே ஆகாது. மல்லி இல்லாத நாளில் தலையை வெறுமனே பின்னிக்கொண்டு போவாள். இலையில் கொழுக்கட்டை, துள்ளுமாவு, வாழைப்பழம், சர்க்கரைப் பொங்கல். அவளுக்கு உயிரான மக்கன் பேடாவைக் காணோம்.

"ன்னாம்மா, ஆற்காட்லேர்ந்து பேடா வாங்கியாரச் சொன்னேனே?" என்று கண்ணம்மாள் கேட்டாள்.

"கடை மூடிட்டாங்க அண்ணி" என்றாள் செண்பகம், நிமிராமல்.

கொஞ்ச நேரம் கழித்து எலுமிச்சம்பழம் எடுக்க நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழே காய்கறி டிரேயில் கொத்தமல்லிக்கு அடியில், ஈரத் துணியில் சுற்றிய மல்லிப் பந்து ஒன்று. அதற்குப் பின்னால் பேடா டப்பா. நான் திரும்பினால் செண்பகம் நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த பழத்தை வாங்கிக்கொண்டு ஃபிரிட்ஜை மூடினாள்.

மகள் உயிரோடு இருக்கிறாள், அவள் வரவேமாட்டாள் என்று நிச்சயமாக நம்புகிறவளுக்கு மல்லியை ஏன் ஒளிக்க வேண்டும்? பிடித்ததை வைத்தால் வந்துவிடுவாளோ என்று பயந்திருக்கிறாள். அந்த அளவுக்கு அவளுக்கும் உள்ளே தெரிந்துதான் இருக்கிறது. ஆனாலும் மகளுக்கு இன்றைக்கு இலை போடுகிறோம் என்றதும் அந்தக் கை போய் மல்லியும் பேடாவும் வாங்கிவிட்டது. வாங்கவும் முடியாமல், வாங்காமல் இருக்கவும் முடியாமல், கொண்டுவந்து கொத்தமல்லிக்கு அடியில் புதைத்திருக்கிறாள். பெற்றவள் பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

சாயங்காலம் பம்பைக்காரர் ராமலிங்கம் ஆட்களோடு வந்தார். வயசானவர், தொழிலில் சுத்தம். தேன்மொழி அம்மாள் தன் அக்காவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டதும் பம்பை முழங்கியது. ராமலிங்கம் உடுக்கையை எடுத்துக்கொண்டு வர்ணித்துப் பாட ஆரம்பித்தார். ஆற்றோடு போன கன்னியே, அள்ளி முடித்த கூந்தல்காரியே, பெற்ற வீடு தேடி வா, கூடப் பிறந்தவளுக்கு வாழ்த்துச் சொல்ல வா என்று அவர் கூப்பிடக் கூப்பிட, உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சாமியை நம்பாத எனக்கே உடம்பு சிலிர்த்தது.

செண்பகம் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடித்திருந்தாள். அவள் உதடு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த எனக்குத்தான் அது கேட்டது. "வராதடி. வராத கண்ணு. வராத."

பாட்டு நீண்டது. யார் மேலும் வரவில்லை. கண்ணம்மாள் கொஞ்சம் ஆடிப் பார்த்தாள். ராமலிங்கம் உடுக்கையை அவள் முகத்துக்கு நேரே ஆட்டி, "யாரு வந்துக்கிறது? பேரச் சொல்லு" என்று அதட்டியதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். பம்பைக்காரர்களுக்குக் கை ஓய்ந்தது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு தடவை அடித்தார்கள். ஒன்றுமில்லை. ராமலிங்கம் உடுக்கையைக் கீழே வைத்தார்.

"எறங்கலம்மா. இன்னா கொறன்னு தெரியல."

செண்பகத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதை நான் எப்படிச் சொல்வது. பூர்ணிமா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இவள் முகத்தைப் பார்த்தவள் நான். அதே முகம். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிற பார்வை.

தேன்மொழி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "நாங்க கெளம்பறோங்க. தப்பா நெனச்சிக்காதீங்க. மனசு ஒப்பல."

சம்பத் தலையைத் தூக்கவில்லை. செம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சௌந்தர்யா எழுந்து அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா இருக்கா, அக்கா இருக்கான்னு சொல்லிக்கினே இருக்கியே. நான் இருக்கறது உனக்குத் தெரியுதாம்மா?"

செண்பகம் அவளை அண்ணாந்து பார்த்தாள். அந்த வெளிச்சம் இறங்கிப்போவதை நான் பார்த்தேன். மகளையே பார்த்துக்கொண்டிருந்தவள், கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கொண்டையைப் பிடித்தாள். அவிழ்த்தாள். முடி தோளில் விழுந்தது. "ஹா" என்று ஒரு சத்தம் போட்டாள்.

ராமலிங்கம் உடுக்கையைப் பாய்ந்து எடுத்தார். பம்பை மறுபடி முழங்கியது. செண்பகம் முட்டிபோட்டுச் சுற்றிச் சுற்றி ஆடினாள். விளக்கில் விழுந்துவிடாமல் இருக்க நான்தான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. விளக்குப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் உடம்பு தானாக ஒதுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. வந்தது பூர்ணிமா இல்லை.

"யாரும்மா வந்துக்கிறது?"

"பூர்ணிமா."

வீடே அழுதது. ராமலிங்கம் லேசில் விடுகிறவர் இல்லை. "சத்தியம் பண்ணு தாயே" என்று சொல்லி, ஒரு கற்பூரக் கட்டியைக் கொளுத்தி அவள் உள்ளங்கையில் வைத்தார். சாமி வந்த கை சுடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செண்பகம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கற்பூரம் நின்று எரிந்தது. இடுப்பைப் பிடித்திருந்த என் கைக்குள் அவள் உடம்பு மொத்தமும் ஒரே இறுக்கமாக ஆனது. கை மட்டும் நடுங்கவில்லை. சாமி வராமலே அந்தச் சூட்டைத் தாங்கியவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இன்னா கொறம்மா உனக்கு? ஏன் வரல இவ்ளோ நேரம்?"

"எனக்கு மல்லி எங்க? பேடா எங்க? வாங்கி வச்சிக்கினு குடுக்காம கூப்புட்றாங்க. ஃபிரிஜ்ஜுல ஒளிச்சி வச்சிக்கிறாங்க."

கண்ணம்மாள் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். கொத்தமல்லியைத் தள்ளிப் பார்த்துவிட்டு "ஐயோ தாயே!" என்று போட்டாள் ஒரு கூச்சல். மல்லியும் டப்பாவும் நடுவீட்டுக்கு வந்ததும் தேன்மொழி கன்னத்தில் போட்டுக்கொண்டு தரையில் விழுந்தாள். ஒளித்து வைத்தது சாமிக்கு எப்படித் தெரியும், வந்தது பூர்ணிமாவேதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒளித்தவள் யாரென்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மல்லியை வாங்கி சௌந்தர்யாவின் தலையில் வைத்தாள் செண்பகம். "கல்யாணத்த நிறுத்தாதீங்க. நான் கூட இருப்பேன். எங்கம்மாவத் தேட வேணாம்னு சொல்லுங்க. நான் ஆத்தோட போய்ட்டேன்" என்றாள்.

அப்போதுதான் சம்பத் வந்து அவள் காலில் குப்புற விழுந்தார். அந்த மனுஷன் குரலையே நாங்கள் மறந்திருந்தோம்.

"கண்ணு, வலிச்சிதாம்மா உனக்கு? மூச்சு முட்டிச்சா? அப்பா வருவேன்னு பாத்தியாம்மா?"

செண்பகம் ஆடுவதை நிறுத்திவிட்டாள். தன் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற புருஷனைக் குனிந்து பார்த்தாள். எத்தனை நாளாக இந்தக் கேள்வி அவருக்குள் கிடந்ததோ, அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். கற்பூரம் ஏந்தாத கையை அவர் தலைமேல் வைத்தாள்.

"இல்லப்பா. வலிக்கல. தூங்கற மாரிதான் இருந்துச்சி. நீ அழாத."

அதோடு என் மேல் சாய்ந்தாள். சாமி மலையேறிவிட்டதென்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து உட்கார்ந்ததும், என்ன நடந்ததென்று ஒன்றும் தெரியாதவள்போல் எல்லோரையும் கேட்டாள். அப்புறம் அவளாகவே போய் டி.வி. பக்கத்திலிருந்த படத்தை எடுத்துத் துடைத்து, குங்குமத்தைத் தொட்டுப் பூர்ணிமாவின் நெற்றியில் பொட்டு வைத்தாள். சம்பத் ஆணி அடித்து அதைச் சுவரில் மாட்டினார். பீரோவிலிருந்த சுடிதார்களையெல்லாம் எடுத்துச் சௌந்தர்யாவின் மடியில் வைத்தாள். மறுநாள் தட்டு மாற்றினார்கள்.

அதற்கப்புறம் வேலைக்கு வந்தபோது அவள் வலது கையில் கர்ச்சீப் சுற்றியிருந்தாள். வேனில் அதைப் பிரித்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். உடைந்து தோல் உரிந்திருந்தது.

"ஏண்டி, இந்தக் கையோட சொலூஷன் தடவப்போறியா? எரியாதா?"

"யார்கிட்டயும் சொல்லாதக்கா. சாமி வந்த கைக்குக் கொப்புளம் ஏதுன்னு கேப்பாங்க."

"உனக்கு மட்டும் எப்டித்தான் மனசு வந்துச்சோ" என்றேன். "ஒன் வாயாலயே சொல்லிட்டியேடி."

அவள் கர்ச்சீப்பை மறுபடி சுற்றிக்கொண்டாள். ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பெனி கேட் கிட்டே வரும்போது திரும்பினாள்.

"நான்தானேக்கா ஆடுனேன்? அவ வரலயே?"

"இல்ல. வரல."

"அவ்ளோ நேரம் கூப்ட்டாங்க. பம்பை அடிச்சாங்க. வரல இல்ல?" என் கையைப் பிடித்தாள். "அப்ப அவ இருக்காதானேக்கா?"

எனக்குக் கடவுள் நம்பிக்கை கம்மி. பொய் சொல்லவும் பிடிக்காது. கம்பெனியில் ஒரு தையல் கோணினால்கூடத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

"ஆமாண்டி. இருக்கா" என்றேன்.

சௌந்தர்யா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செண்பகம் வெள்ளிக்கிழமை பூஜையில் இப்போது சுவரிலிருக்கிற படத்துக்கும் கற்பூரம் காட்டுகிறாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று கும்பிடுகிறார். வாசலுக்கு வந்து ரோட்டுப் பக்கம் காட்டுவதை விட்டுவிட்டாள். ஊரும் அவள் தெளிந்துவிட்டாளென்று சொல்கிறது.

போன தீபாவளிக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் துணிக்கடைப் பை. உள்ளே மல்லிப்பூ போட்ட மஞ்சள் சுடிதார்.

"எங்க வீட்ல வச்சா கேப்பாங்க. உன் பீரோவுல வச்சிரு" என்றாள்.

வாங்கி வைத்தேன். இந்தத் தீபாவளிக்கு அதன்மேல் இன்னொன்றும் வந்து சேர்ந்திருக்கிறது.